ஏட்டுச் சுரைக்காயும் சதுரங்கப் புலியும்

ஆட்டத்தில் தேர்ச்சி பெற ஆசைப்படுகிறவர் முதலில் செய்கிற காரியம் என்ன? புத்தகம் வாங்குவதுதான். சீட்டாட்டமானாலும் சரி, சதுரங்கமானாலும் சரி, ஒரு புத்தகம் வருகிறது. அது போதவில்லை என்று இன்னொன்று வருகிறது. அதைவிட நல்லது என்று நண்பர் சொல்ல மூன்றாவதும் வருகிறது. அலமாரி நிறைகிறது. ஆட்டம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது!

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. 1742-ல் லண்டனில் எட்மண்ட் ஹாயில் என்பவர் விஸ்ட் என்ற சீட்டாட்டத்துக்கு ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். கனவான்களுக்கு வீட்டுக்கு வீடு போய் ஆட்டம் சொல்லிக் கொடுத்து வந்தவர் அவர். அந்த நூல் பதிப்புக்கு மேல் பதிப்பாகப் போயிற்று. அன்று தொடங்கி மேனாட்டில் ஆட்டமும் அச்சகமும் கைகோத்தே நடக்கின்றன. சதுரங்கத்திலோ இது இன்னும் அதிகம். ஓர் ஆட்டத்தின் முதல் பத்து நகர்த்தல்களைப் பற்றி மட்டுமே கனத்த நூல்கள் உண்டு.

அப்படிப் புத்தகங்களால் கோட்டை கட்டிக் கொண்டிருந்த சீமைச் சதுரங்க உலகத்துக்குள், 1929-ஆம் ஆண்டு, பஞ்சாப் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாலிபர் வந்து சேர்ந்தார். ஐரோப்பியச் சதுரங்க நூல்களோடு அவருக்குப் பரிச்சயம் இல்லை. அவர்கள் ஆடிய விதிகளே அவருக்குப் புதியவை. வந்த சில மாதங்களில் அவர் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அவர்தான் சுல்தான் கான். மீர் சுல்தான் கான் என்று சதுரங்க உலகம் அவரை அழைத்தது.

புத்தகமே வேண்டாம் என்பதற்கு அவர் வாழ்க்கையை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. முழுக் கதையையும் தெரிந்து கொண்டால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

தகப்பனார் கற்பித்த ஆட்டம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பஞ்சாபில் மித்தா திவானா என்ற ஊரில் சுல்தான் கான் பிறந்தார். இன்று அந்த ஊர் பாகிஸ்தானில் குஷாப் வட்டாரத்தில் இருக்கிறது. தகப்பனார் சதுரங்கப் பிரியர். மகனுக்கு ஒன்பது வயதானபோது காய்களை முன்னே வைத்து ஆட்டத்தைக் கற்பித்தார்.

அவர் கற்பித்தது நம் நாட்டுச் சதுரங்கம். மேனாட்டு முறைக்கும் அதற்கும் சில முக்கியமான வித்தியாசங்கள் உண்டு. மேனாட்டு முறையில் சிப்பாய் தன் முதல் அடியில் இரண்டு கட்டம் பாயலாம். நம் முறையில் ஒரு கட்டம்தான். மேனாட்டார் ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றிக் கோட்டை கட்டிக் கொள்வார்கள். நம் முறையில் அது இல்லை. அதற்குப் பதிலாக ராஜா ஒரு தடவை மட்டும் குதிரையைப் போல் தாவிக் கொள்ளலாம். மறு கோடியை எட்டிய சிப்பாய் என்ன காயாக மாறும் என்பதிலும் விதி வேறு.

இவை சின்ன வித்தியாசங்கள் அல்ல. சிப்பாய்கள் ஒவ்வொரு கட்டமாக ஊர்ந்து வருவதால் இரு படைகளும் கை கலக்க நேரம் பிடிக்கும். ஆரம்பத்திலேயே பாய்ந்து அடிக்கும் தந்திரங்களுக்கு அங்கே வேலை குறைவு. பொறுமையாக அணி வகுப்பது, எதிரியின் பலவீனத்துக்காகக் காத்திருப்பது, கடைசியில் இரண்டொரு காய்கள் எஞ்சி நிற்கும்போது தவறாமல் முடிப்பது இவைதான் அந்த ஆட்டத்தின் உயிர். சுல்தானுக்கு இந்த மூன்றும் இளமையிலேயே கைவந்தன. இருபது வயதைத் தாண்டியபோது பஞ்சாபில் அவருக்கு இணையான ஆட்டக்காரர் இல்லை என்று பேசிக் கொண்டார்கள்.

ஸர் உமரின் கண்ணில்

அந்தப் பகுதியில் பெரும் நிலச்சுவான்தாராக விளங்கியவர் ஸர் உமர் ஹயாத் கான் திவானா. ராணுவப் பதவியும் அரசாங்கச் செல்வாக்கும் படைத்தவர். குதிரை, வேட்டை இவற்றோடு சதுரங்கத்திலும் அவருக்கு மோகம் உண்டு. சுல்தானின் திறமையைக் கேள்விப்பட்ட அவர், தம்மிடமே அவரை வைத்துக் கொண்டார். மேனாட்டு முறையைக் கற்றுக் கொள்ளவும் ஏற்பாடு செய்தார்.

1928-ல் அகில இந்தியச் சதுரங்கப் போட்டி நடந்தது. சுல்தான் ஆடிய ஒன்பது ஆட்டங்களில் எட்டு வெற்றி, ஒன்று சமநிலை. தோல்வியே இல்லை. மறு ஆண்டு ஸர் உமர், லண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசனை சபையில் அங்கத்தினராகச் சீமைக்குப் புறப்பட்டார். அவருடைய பரிவாரத்தில் சுல்தானும் கப்பலேறினார்.

முதல் அடியில் சறுக்கல்

லண்டனில் அவரைப் பழக்குவதற்கென்றே ஒரு சிறு போட்டி ஏற்பாடாயிற்று. முடிவு என்ன? கடைசி ஸ்தானத்தை இன்னொருவரோடு பகிர்ந்து கொண்டார்!

காரணம் புரிந்து கொள்ளக் கூடியதுதான். எதிரே உட்கார்ந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் திரண்ட ஏட்டறிவோடு வந்தவர்கள். கிரிஃபித், ஒயிட் என்ற இருவர் தொகுத்து 1911-ல் முதன்முதலாக வெளிவந்த தொடக்க ஆட்ட நூல் அன்றைய ஆங்கில ஆட்டக்காரர்களின் கைப்புத்தகம். எந்த நகர்த்தலுக்கு எது பதில், எங்கே பொறி இருக்கிறது, முன்னால் யார் எங்கே விழுந்தார்கள் என்பதெல்லாம் அதில் வரிசை வரிசையாக அச்சிட்டிருக்கும். அவர்கள் அதைப் படித்துவிட்டு வந்து நொடியில் ஆடினார்கள். அதே இடத்துக்கு வந்து சேரச் சுல்தான் ஒவ்வொரு நகர்த்தலையும் சொந்த மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நடு ஆட்டம் தொடங்கும் முன்பே சேதமும் களைப்பும் சேர்ந்து விட்டன.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றைச் சொன்னால் விளங்கும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த மலையில் வழி காட்ட ஒரு தேசப்படம் வேண்டாம். எந்தப் பாறைக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதை பிரிகிறது, எந்த ஓடையில் மழைக்குப் பின் கால் வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவன் பாதங்களுக்கே தெரியும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டி ஏறுகிற வெளியூர்க்காரனுக்கோ பலகையும் படமும் இல்லாமல் முடியாது. ஆனால் அதே மலைவாசியைக் கொண்டு போய் முன்பின் பாராத இன்னொரு மலையில், இருட்டில் விட்டுப் பாருங்கள். அவனுடைய கால் பலம் அவனை விட்டுப் போய்விடாது. ஆனாலும் முதல் சில மைல்களுக்கு அவனுக்கும் ஒரு படம் வேண்டும்!

சுல்தானின் நிலை அதுதான். கால் பலம் அபாரம். படம் இல்லை.

ராம்ஸ்கேட் அதிசயம்

அந்தச் சிறு போட்டியில் அவரைவிட மேலே வந்த இருவர் அவருடைய பலத்தையும் பலவீனத்தையும் சரியாகக் கண்டு கொண்டார்கள். ஒருவர் பிரெடரிக் யேட்ஸ்; முந்தின ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன். மற்றவர் வில்லியம் வின்டர்; பின்னாளில் 1935-லும் 1936-லும் அதே பட்டத்தைப் பெற்றவர். இருவரும் சேர்ந்து அந்த 1929-ஆம் ஆண்டிலேயே நவீன ஆட்ட முறைகளைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்கள். அதாவது, புத்தகம் எழுதுகிறவர்களே சுல்தானுக்கு வாத்தியார்களாக வாய்த்தார்கள்.

கோடையில் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டி. இடையில் இருந்ததோ கொஞ்ச காலம். அதற்குள் ஓர் அலமாரிப் புத்தகத்தையும் யாராலும் யாருக்கும் புகட்டிவிட முடியாது. ஆனால் எதிரே உட்கார்ந்து, ஆடிக் காட்டி, இந்த இடத்தில் ஏன் இப்படி என்று சொல்லிக் கொடுக்க முடியும். யேட்ஸும் வின்டரும் அவரோடு ஆடிப் பழகினார்கள்.

ராம்ஸ்கேட்டில் சுல்தான் கானே முதல் ஸ்தானம் பெற்றார். சாம்ராஜ்யத்தின் சதுரங்கப் பட்டம் ஒரு பஞ்சாபி வாலிபரின் தலையில் ஏறியது. பந்தயம் பார்க்க வந்தவர்கள் மட்டுமல்ல, பழக்கி விட்டவர்களே திகைத்துப் போனார்கள். ஆண்டு முடிவதற்குள் ஸர் உமரோடு அவர் இந்தியா திரும்பினார்.

மாஜி உலக சாம்பியன் விழுந்தார்

1930-ஆம் ஆண்டு மே மாதம் மீண்டும் ஐரோப்பா. இந்தத் தடவை பிரிட்டனின் எல்லைக்குள் நிற்கவில்லை. பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துப் போட்டியில் டார்டகோவருக்கு அடுத்தபடியாக இரண்டாம் ஸ்தானம். ஹாம்பர்க்கில் நடந்த நாடுகளின் ஒலிம்பியாடில் பிரிட்டனின் முதல் பலகையில் அவர்தான் உட்கார்ந்தார். ஒவ்வொரு நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரையும் அவரே எதிர்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள்.

அந்த ஆண்டின் இறுதியில் ஹேஸ்டிங்ஸ் கடற்கரை நகரில் புத்தாண்டுப் போட்டி தொடங்கியது. அதில் கலந்து கொண்டவர்களில் ஒருவர் கியூபா நாட்டுக் காபபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்தவர். தோல்வி என்பதையே அபூர்வமாகக் கண்டவர். 1921-ல் அவர் எழுதிய சதுரங்க அடிப்படை நூல் உலகமெங்கும் பரவியிருந்தது. ஆட்டத்தின் முடிவை முதலில் படி, தொடக்கத்தைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்பது அவருடைய போதனை. அதற்கேற்ப அந்த நூலே எளிய இறுதி நிலைகளிலிருந்துதான் தொடங்குகிறது.

சுல்தான் வெள்ளைக் காய்களோடு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். ஆட்டம் வளர்ந்து கொண்டே போயிற்று. 65 நகர்த்தல்கள்! முடிவில் விழுந்தது காபபிளாங்காவின் ராஜா.

இதில் உள்ள விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். முடிவை முதலில் கற்றுக் கொள் என்று உலகத்துக்கு நூல் எழுதிய மேதையை, நூல் வழியாக வராத ஒருவர், நீண்ட நெடிய முடிவாட்டத்தில் வென்றிருக்கிறார். நூல் பொய்த்துவிட்டதா? இல்லை. நூல் சொன்ன உண்மையைச் சுல்தான் வேறு வழியாக, தகப்பனாரின் மடியிலேயே கற்றிருந்தார். அந்தப் போட்டியில் ஹாலந்து நாட்டு யூவ் முதலாவதாகவும் காபபிளாங்கா இரண்டாவதாகவும் சுல்தான் மூன்றாவதாகவும் வந்தார்கள்.

1931-ல் டார்டகோவரோடு தனிப் பந்தயம். நான்கு வெற்றி, மூன்று தோல்வி, ஐந்து சமநிலை என்று சுல்தானே ஜெயித்தார். அதே ஆண்டு பிராக் நகர ஒலிம்பியாடில் முடிவாட்டத்தின் மன்னர் என்று பெயர் பெற்ற ரூபின்ஸ்டைனை வென்றார். இளம் புலி ஃபுளோரை வென்றார். அன்றைய உலக சாம்பியன் அலேகினோடு சமநிலை கண்டார். 1932-லும் 1933-லும் பிரிட்டிஷ் பட்டம் மறுபடியும் அவரைத் தேடி வந்தது. ஆக, மொத்தம் மூன்று தடவை சாம்பியன்.

வெற்றிக்குப் பின்னால்

வெளியே இத்தனை கீர்த்தி. உள்ளே அவருடைய வாழ்க்கை எப்படி இருந்தது?

சீமைக் குளிர் அவர் உடம்புக்கு ஒத்துக் கொள்ளவே இல்லை. ஜலதோஷம், தொண்டை நோவு, இடையிடையே மலேரியாக் காய்ச்சல் என்று மாறி மாறித் துன்புறுத்தின. கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிக் கொண்டு வந்து பந்தய மேஜையில் உட்காருவார். மேஜையைச் சுற்றி நடந்த பேச்சிலும் சிரிப்பிலும் கலந்து கொள்ள ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வராது. முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் பலகையையே பார்த்துக் கொண்டிருப்பார். வெற்றி வந்தாலும் அதே முகம். தோல்வி வந்தாலும் அதே முகம்.

1933-ஆம் ஆண்டு, ஒலிம்பியாடுக்காக வந்திருந்த அமெரிக்க அணியினரை ஸர் உமர் தம் லண்டன் மாளிகைக்கு அழைத்திருந்தார். அன்று சாம்பியனே தங்களுக்கு உணவு பரிமாறியதைப் பார்த்துக் கூசிப் போனதாக, அந்த அணியைச் சேர்ந்த ரூபன் ஃபைன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். சுல்தானின் வம்சத்தார் இதை ஒப்புக் கொள்வதில்லை. அவர் வேலைக்காரரும் அல்ல, எழுத்தறிவற்றவரும் அல்ல. மதிப்புள்ள குடும்பத்தில் பிறந்தவர் என்று அவர்கள் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர் எழுதி வைத்த கதையையே உலகம் திருப்பித் திருப்பிச் சொல்லி வந்திருக்கிறது என்ற அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஒன்று மட்டும் இரு தரப்பாரும் அறிந்த விஷயம்: எப்போது சீமைக்குப் போவது, எப்போது திரும்புவது என்பதைத் தீர்மானித்தவர் சுல்தான் அல்ல, ஸர் உமர்.

அதே மாளிகையில் இன்னோர் அதிசயமும் நிகழ்ந்தது. அங்கிருந்த பாத்திமா என்ற இளம்பெண்ணும் சதுரங்கம் பழகி, 1933-ல் பிரிட்டிஷ் பெண்கள் பட்டத்தை வென்றார். பத்து வெற்றி, ஒரு சமநிலை, தோல்வி பூஜ்யம்! ஒரே ஆண்டில், ஒரே வீட்டிலிருந்து, ஆண்கள் பட்டமும் பெண்கள் பட்டமும்.

எந்த நூல், யாருக்கு?

சுல்தான் கானின் ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். அவர் தொல்லைப்பட்டது பெரும்பாலும் ஆரம்பத்தில்தான். நடுவிலும் முடிவிலும் உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்களோடு சரிசமமாக நின்றார். அப்படியானால் அவருக்கு வேண்டியிருந்தது எந்த நூல்? முடிவாட்ட நூல் அல்ல. தொடக்கத்தில் தடுமாறாமல் நடு ஆட்டத்துக்குக் கொண்டு சேர்க்கிற ஒரே ஒரு நல்ல நூல்.

நம்மில் பெரும்பாலோர் நிலைமை நேர் எதிர். தொடக்கத்துப் பத்து நகர்த்தல்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். பதினோராவது நகர்த்தலில் எதிரி புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் செய்தால் கை நடுங்குகிறது. ஒரு சிப்பாய் அதிகமாக இருந்தும் ஜெயிக்கத் தெரிவதில்லை. அப்படிப்பட்டவர் கடைக்குப் போய் மறுபடியும் தொடக்க நூலையே வாங்கினால், வயிற்று வலிக்காரன் தலைவலி மருந்து வாங்கிய கதைதான்.

ஆகவே புத்தகக் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. கடைசியாகத் தோற்ற பத்து ஆட்டங்களை எழுதி வைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் சரிந்தோம்? தொடக்கத்திலா, நடுவிலா, முடிவிலா? எங்கே அதிகம் சரிந்தோமோ, அதைப் பற்றிய நூல்தான் நமக்கு உரிய நூல்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். நூல்களில் இரண்டு வகை. நகர்த்தல்களைப் பட்டியல் போட்டுத் தருவது ஒரு வகை. அது அகராதியைப் போல, சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்க உதவும். காரணத்தை விளக்குவது மற்றொரு வகை. அதுதான் பாடப் புத்தகம். நிம்ஜோவிச் 1925-ல் ஜெர்மன் மொழியில் எழுதி, 1929-ல், அதாவது சுல்தான் லண்டனில் கால் வைத்த அதே ஆண்டில், ஆங்கிலத்தில் வந்த நூல் இரண்டாவது வகைக்குப் பேர் போனது. ஒரு கட்டத்தை ஏன் பிடிக்க வேண்டும், முன்னேறும் சிப்பாயை ஏன் வழிமறிக்க வேண்டும் என்று அது காரணம் சொல்கிறது. அகராதியை மனப்பாடம் செய்து எவரும் கவிஞர் ஆனதில்லை. பட்டியல் நூலை உருப்போட்டு எவரும் சாம்பியன் ஆனதும் இல்லை.

எந்த நூலானாலும் பலகையும் காய்களும் எதிரே இருக்க வேண்டும். விடையைக் கையால் மறைத்துக் கொண்டு, நாமாக ஒரு நகர்த்தலை யோசித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சுல்தான் தம் வாழ்நாளெல்லாம் செய்தது அந்தப் பயிற்சியைத்தான். அவருக்கு மறைப்பதற்கு விடைப் பக்கம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சீட்டாட்ட நூல்களுக்கும் இதே விதி பொருந்தும். அங்கே அதிர்ஷ்டமும் கூட வந்து உட்காருவதால் தோற்றதற்குச் சீட்டின்மேல் பழி போட்டுத் தப்பிக்கலாம். சதுரங்கத்தில் அந்த வசதியும் கிடையாது.

மண்ணுக்கே திரும்பினார்

1933-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸர் உமர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். சுல்தானும் கூடவே திரும்பினார். ஐந்தே ஆண்டுகளுக்குள் அடங்கிய சர்வதேச வாழ்க்கை அத்துடன் முடிந்தது. 1935-ல் காடில்கர் என்ற இந்திய ஆட்டக்காரரோடு பத்து ஆட்டப் பந்தயம் ஒன்று ஆடினார். ஒன்பதில் வெற்றி, ஒன்று சமநிலை. பிறகு பெரிய மேடைகளில் அவரைக் காணோம்.

சீமைக் குளிரிலிருந்து விடுபட்டதில் அவருக்கு நிம்மதியே என்று சொல்வதுண்டு. நிலத்தைக் கவனித்துக் கொண்டு, பெரிய குடும்பத்தின் தலைவராகப் பஞ்சாபிலேயே வாழ்ந்தார். 1944-ல் ஸர் உமர் காலமானார். 1947-ல் நாடு பிரிந்தது; அவருடைய மண் பாகிஸ்தான் ஆயிற்று. 1950-ல் உலகச் சதுரங்க சம்மேளனம் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியது. ஓய்ந்து போயிருந்த பழைய மேதைகளையும் நினைவில் வைத்துக் கொண்டு கொடுத்தார்கள். ரூபின்ஸ்டைனுக்குக் கிடைத்தது, டார்டகோவருக்குக் கிடைத்தது. இருவரையும் வென்ற சுல்தான் கானை நினைத்துப் பார்க்க ஆள் இல்லை.

தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் கற்றுத் தரவில்லை. வாழ்க்கைக்கு உபயோகமான வேறு காரியம் பாருங்கள் என்று சொல்லி விட்டதாக மூத்த மகன் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். மூன்று தடவை பிரிட்டிஷ் சாம்பியனானவரின் தீர்ப்பு அது! ஒன்பது வயதில் தகப்பனாரிடமிருந்து தமக்கு வந்த வித்தையை அடுத்த தலைமுறைக்குக் கை மாற்றாமலே, 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி, சர்கோதாவில் காச நோயால் அவர் காலமானார்.

சென்னை கண்ட வேறு வழி

வித்தை ஓர் ஆளின் தலைக்குள்ளேயே இருந்தால் அந்த ஆளோடு அது போய்விடும். நம் பக்கத்தில் இதை உணர்ந்தவர்கள் வெகு காலத்துக்கு முன்பே இருந்தார்கள். 1814-ல் திருவேங்கடாசாரிய சாஸ்திரி வடமொழியில் செய்த சதுரங்க நூல் ஒன்று ஆங்கிலமாகிப் பம்பாயில் அச்சேறியது. 1829-ல் சென்னையைச் சேர்ந்த குலாம் காசிம், ஜேம்ஸ் காக்ரேன் என்ற ஆங்கில அதிகாரியோடு சேர்ந்து, ஒரு தொடக்க ஆட்டத்தை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் கடித மூலம் நடந்த பந்தயமும் அந்த நூலில் இடம் பெற்றது. இன்றும் உலகத்துத் தொடக்க ஆட்டங்களில் ஒரு கிளைக்குக் குலாம் காசிம் பெயர் வழங்குகிறது. அவர் ஐரோப்பாவில் சாம்பியன் பட்டம் வென்றவர் அல்லர்; ஆனால் ஏட்டில் எழுதி வைத்தார்.

1961-ல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1972-ல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் டால் சதுரங்கக் கழகம் தோன்றியது. பழகுவதற்கு ஆட்களும் பலகைகளும் பாடங்களும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கே பழகியவர். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2024-ல் சென்னையின் குகேஷ் உலக சாம்பியன். தனி ஒருவரின் மேதை எட்ட முடிந்த உயரத்தைச் சுல்தான் தொட்டுக் காட்டினார். பழக்க ஆளும், படிக்க நூலும், கூடி ஆட இடமும் சேர்ந்தால் ஒரு நகரமே அந்த உயரத்துக்கு ஏறுகிறது என்பதைச் சென்னை காட்டியது.

ஏட்டில் ஏறிய பெயர்

சுல்தான் கான் நூல் எதுவும் எழுதவில்லை. காபபிளாங்கா எழுதினார், யூவ் எழுதினார், டார்டகோவர் எழுதினார், வின்டரும் எழுதினார். யேட்ஸ் 1932-ல் தம் அறையில் விஷவாயுக் கசிவால் இறந்தார்; அவருடைய சிறந்த ஆட்டங்களின் தொகுப்பு அவர் மறைந்த பிறகு வெளிவந்தது. அந்தக் கூட்டத்தில் மௌனமாக இருந்தவர் சுல்தான் ஒருவரே.

ஆனால் அவர் ஆடிய ஆட்டங்கள் போட்டிக் குறிப்புகளில் பத்திரமாக இருந்தன. 1965-ல், அவர் உயிரோடிருக்கும்போதே, கோல்ஸ் என்ற ஆங்கிலேயர் அவற்றைத் திரட்டி ஒரு நூலாக்கினார். 2020-ல் டேனியல் கிங் என்ற கிராண்ட்மாஸ்டர் இன்னொரு நூல் எழுதினார். 2024 பிப்ரவரியில், காலமாகி ஏறக்குறைய 58 ஆண்டுகளுக்குப் பிறகு, சம்மேளனம் அவருக்குக் கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. பாகிஸ்தானின் பெயரால் அந்தப் பட்டம் பெற்ற முதல்வர் அவர்தான்.

முடிவாட்டத்தில் பொறுமை என்றால் என்ன என்று கற்க விரும்புகிறவர்கள் இன்று அந்த ஆட்டங்களைப் பலகையில் வைத்துப் பார்க்கிறார்கள். ஹேஸ்டிங்ஸில் காபபிளாங்கா தோற்ற அந்த 65 நகர்த்தல்களை ஒவ்வொன்றாக, அடுத்ததை மறைத்துக் கொண்டு, ஆடிப் பார்க்கலாம். ஒரு மாலைப் பொழுது அதற்குப் போதும்.